‘பரவாயில்லை டொக்டர்’

போன கிழமை, முந்தி எங்கட பில்டிங்கில இருந்த அக்கா ஒராள் இரவு பத்து மணிபோல ஃபோன் எடுத்தா. 401 ஹைவேயில ட்ரபிக்கில நிண்டவவாம், பின்னால வந்த வான் ஒண்டு கொண்டுவந்து குத்திப்போட்டுதாம், காருக்குப் பெரிசா ஒண்டுமில்லை, அண்டைக்கு அவவுக்கும் ஒண்டுமில்லை, அடுத்தநாள் விடிய எழும்பேக்க தான் தலைகணியில இருந்து தலையைத் தூக்கேலாமக் கிடந்ததாம். "நீர் உந்த வழியெல்லாம் போய் வந்தனீர் தானே, ஒருக்காச் சொல்லும் என்ன செய்யிறதெண்டு" எண்டா. முக்கால் மணித்தியாலம் கதைச்சம். ஃபோனை வைச்சாப் பிறகு தான் யோசிச்சன், ஃபோர்ம் நம்பரெல்லாம் சொல்லிப்போட்டு முக்கியமான விசயத்தைச் சொல்லாம விட்டிட்டன் எண்டு. அதுக்குத்தான் இதை எழுதுறன். நான் லோயர் இல்லை, ஒரு நேர்சிங் ஹோமில பிஎஸ்டபிள்யூ, அதாவது வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலை செய்யிற ஆள். இது கனடாவில ஒன்ராறியோக் கதை, மற்ற இடங்களில சட்டம் வேற.

எனக்கு நடந்தது 2021 நவம்பர். பின்னேர ஷிஃப்டுக்குப் போறன், மக்கோவன் ஃபிஞ்ச் சந்தியில சிவப்பு லைட், தூறல் மழை, வைப்பர் போய்ப் போய் வருது, நான் கோப்பியை எடுத்து ஒரு வாய் குடிச்சுப்போட்டு திருப்பி வைக்கக் கையை நீட்டுறன், டொம் எண்டு ஒரு சத்தம். அவ்வளவு தான். கோப்பி முழுக்க யூனிஃபோர்மில. பின்னால இடிச்ச பெடியன் பாவம், இறங்கி ஓடி வந்து "ஆர் யூ ஓகே" எண்டு கேட்டான், அவன்ர முகத்தைப் பாக்க எனக்கே இரக்கமாப் போச்சு, நானும் "யெஸ் யெஸ், ஐ ஆம் ஓகே" எண்டன். பம்பரில உள்ளங்கை அளவுக்கு ஒரு கீறல், லைசன்ஸ் பிளேட் கொஞ்சம் நெளிஞ்சிருந்தது. கொலிஷன் ரிப்போர்ட்டிங் சென்டரில ஃபோர்ம் நிரப்பேக்க காயம் ஏதும் இருக்கோ எண்ட இடத்தில "இல்லை" எண்டு போட்டன். அதுக்குப் பிறகு வேலைக்கும் போனன் பாருங்கோ! ஒரு மணித்தியாலம் பிந்தி.

ரெண்டாம் நாள் தான் தொடங்கினது. பிடரியில, தலையும் கழுத்தும் சேருற இடத்தில, ஆரோ பெருவிரலை வைச்சு அமத்திப் பிடிச்சிருக்கிற மாதிரி. மூண்டாம் நாள் அது வலது தோள்மூட்டுக்கு இறங்கீற்றுது. கிழமை முடியேக்க கார் பின்னுக்கு எடுக்கத் திரும்பிப் பாக்கேலாது, உடம்பு முழுக்கத் திரும்பவேணும், ரோபோ மாதிரி.

இதுக்குப் பேர் விப்லாஷ். சாட்டையடி. 1928இல ஹரோல்ட் குரோ எண்ட அமெரிக்க எலும்பு டொக்டர் பாவிச்ச சொல்லாம், வைச்ச பேர் இண்டுவரைக்கும் நிண்டிட்டுது. பின்னால இடிக்கேக்க என்ன நடக்குதெண்டால், சீற் எங்கட முதுகை முன்னுக்குத் தள்ளுது, தலை மட்டும் நிண்ட இடத்திலேயே நிக்கப் பாக்குது, அதால கழுத்து ஒரு கணம் ‘எஸ்’ எழுத்து மாதிரி வளையுது, கீழ்ப்பக்கம் பின்னுக்கும் மேல்பக்கம் முன்னுக்கும். கண் மூடித் திறக்க முன்னம் எல்லாம் முடிஞ்சிடும். ஹெட்ரெஸ்ட் உச்சந்தலை மட்டத்தில இருக்கவேணுமாம், தலைக்குக் கிட்டவா. என்ரது எப்பவும் கீழ தான் கிடந்தது, பத்து வருசமா அந்தக் கார் ஓடுறன், அது மேல வரும் எண்டே எனக்குத் தெரியாது. இதை வாசிச்சு முடிய ஒருக்காக் கீழ போய் உங்கட கார் ஹெட்ரெஸ்டைப் பாருங்கோ.

எக்ஸ்ரேயில எலும்பு முறிவு ஒண்டுமில்லை. பேந்து எடுத்த எம்ஆர்ஐயிலயும் இதால வந்ததெண்டு சொல்ல ஒண்டுமில்லை, வயசுக்குரிய தேய்மானம் மட்டும். இந்தத் தேய்மானத்தை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு வரும். கழுத்தெலும்புகளுக்கு இடையில பின்பக்கமா ஃபசெட் எண்டு சின்னச் சின்ன மூட்டு இருக்கு, ஆறாத விப்லாஷ் நோவில கனபேருக்கு அதிலயிருந்து தான் நோ வருது எண்டு தொண்ணூறுகளிலேயே ஒஸ்ரேலியாவில போக்டக் எண்டவரும் அவையின்ர ஆக்களும் நரம்பை விறைக்கப் பண்ணுற ஊசி போட்டுப் பாத்துக் காட்டியிருக்கினம். அந்தக் காயம் சாதாரண ஸ்கானில தெரியாது. ஆனா இன்சூரன்ஸ்காரருக்குப் படத்தில தெரியாதது இல்லாதது மாதிரித் தான்.

கனபேருக்கு மாறீடும், அதையும் சொல்லவேணும். ஆனா இடிபட்ட ஆக்களில கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஒரு வருசத்துக்குப் பிறகும் கழுத்து நோ ஏதோ ஒரு அளவில இருக்கெண்டு ஆராய்ச்சியளில திருப்பித் திருப்பி வந்திருக்கு. நான் அந்தப் பாதிக்குள்ள.

சரி, காசுக் கதைக்கு வருவம். இஞ்ச ஆரில பிழையெண்டாலும் உங்கட மருத்துவச் செலவை உங்கட சொந்த இன்சூரன்ஸ் தான் கட்டவேணும். கனபேருக்கு இது விளங்கிறதில்லை, "இடிச்சவன்ர இன்சூரன்ஸ் தானே தரும்" எண்டு சும்மா இருந்திடுவினம். ஏழு நாளுக்குள்ள அறிவிக்கவேணும், ஃபோர்ம் கையில கிடைச்சு 30 நாளுக்குள்ள நிரப்பிக் குடுக்கவேணும். வேலைக்குப் போகேலாட்டி சம்பளத்தில 70 வீதம், ஆனா கூடக் கட்டி எடுத்து வைக்காட்டி கிழமைக்கு 400 டொலருக்கு மேல ஒரு சதமும் இல்லை, முதல் கிழமைக்கு ஒண்டுமே இல்லை. மூண்டு மாசம் நான் வீட்டில நிண்டன், அந்த 400இல ஸ்காபரோவில என்ன செய்யலாம் எண்டு உங்களுக்கே தெரியும். (2026 யூலை 1இலயிருந்து இதுகும் கட்டாயப் பகுதி இல்லை, விரும்பினா எடுக்கிற ஒண்டு, உங்கட பொலிசியில இருக்கோ எண்டு பாக்கவேணும். புரோக்கரிட்டக் கேளுங்கோ, விலையை மட்டும் பாத்துக் கையெழுத்து வைக்காதேங்கோ.)

இனி ‘மிக்’. மைனர் இஞ்சுரி கைட்லைன். 2010இல வந்தது. சுளுக்கு, தசைப்பிடிப்பு, கண்டல், நரம்புக் காயமோ முறிவோ இல்லாத விப்லாஷ் எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு ‘சின்னக் காயம்’ எண்டு பேர் வைச்சு, அதுக்கு மொத்தமாவே 3,500 டொலர் தான் எண்டு கோடு கீறியாச்சு. அந்தப் பெட்டிக்கு வெளியில போனா ஐஞ்சு வருசத்துக்கு 65,000 டொலர் வரை இருக்கு. 3,500 எங்க, 65,000 எங்க. சண்டை முழுக்க அந்தக் கோட்டில தான். என்ர 3,500 பிசியோவிலயும் மசாஜிலயும் 2022 ஏப்ரலுக்குள்ள முடிஞ்சுது. பிசியோ செய்யிற பிள்ளை இன்னும் வேணும் எண்டு ஓசிஎஃப்-18 எண்ட சிகிச்சைப் பிளான் ஃபோர்ம் நிரப்பி அனுப்பினா, 1,300 டொலருக்குக் கிட்ட. வந்த பதில்: உங்கட காயம் சின்னக் காயம், கோப்பில இருக்கிற மருத்துவக் குறிப்புகளின்படி நீங்கள் தேறி வாறியள்.

தேறி வாறனோ? ஆர் சொன்னது?

நான் தான் சொன்னது.

எங்கட குடும்ப டொக்டரின்ர குறிப்பு முழுக்க எடுத்துப் பாத்தன். ஒவ்வொரு தரம் போனதுக்கும் ரெண்டு மூண்டு வரி. டிசம்பர், "நெக் பெயின், இம்ப்ரூவிங்". ஜனவரி, "ஃபீலிங் பெட்டர்". பெப்ரவரியில நான் போனது பிரஷர் குளிசைக்கு, அதில கழுத்தைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. மார்ச், "டூயிங் வெல், நோ நியூ கொம்ப்ளெய்ன்ட்ஸ்". எனக்கு முதல் டொக்டரில தான் கோவம் வந்தது. பேந்து அந்த மார்ச் மாசம் என்ன நடந்ததெண்டு ஞாபகப்படுத்திப் பாத்தன். டொக்டர் தமிழ் ஆள், நல்ல மனுசன், வெளியில பதினைஞ்சு பேர் காத்துக்கொண்டிருக்கினம், கதவைத் திறந்து உள்ள வந்தவர் "என்னம்மா, கழுத்து எப்பிடி?" எண்டு கேட்டார். நான் என்ன சொன்னன்?

"பரவாயில்லை டொக்டர்."

முதல்நாள் இரவு மூண்டு மணிவரை நித்திரை இல்லாம, துவாயைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழ வைச்சுக்கொண்டு கதிரையில இருந்த ஆள் நான். ஆனா டொக்டர் கேட்டா பரவாயில்லை. அம்மா ஊரிலயிருந்து கேட்டா பரவாயில்லை. வேலையில கேட்டா "ஓகே ஓகே". எங்கட ‘பரவாயில்லை’க்கு எத்தினை கருத்து எண்டு எங்களுக்குத் தெரியும். இருக்கு ஆனா சமாளிக்கிறன், உங்களைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை, சொல்லி என்ன பிரயோசனம், நேற்றையை விட இண்டைக்கு ஒரு சொட்டுக் குறைவு, இதெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. அதை இங்கிலீசில டைப் பண்ணினா ஒரே ஒரு கருத்து தான் மிஞ்சும், சுகமாயிட்டுது. டொக்டர் பிழையா எழுதேல்லை, நான் சொன்னதை எழுதினார். அதை வாசிச்ச இன்சூரன்ஸ்காரர் நாலு தரமும் அண்டர்லைன் பண்ணாத குறை.

அக்காவுக்கு நான் சொல்ல மறந்தது இது தான்.

அதுக்குப் பிறகு அவையின்ர டொக்டரிட்டப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. இன்சூரரே ஒழுங்குபண்ணுற பரிசோதனை, போகாட்டிக் காசை நிப்பாட்டலாம். ஒரு பரிசோதனைக்கு அவை 2,000 டொலர் வரை கட்டலாம் எண்டு சட்டத்திலேயே இருக்கு, 1,300 டொலர் பிசியோ எனக்குத் தேவையோ இல்லையோ எண்டு கண்டுபிடிக்க. நான் கணக்கில கெட்டிக்காரி இல்லை, எண்டாலும் யோசிச்சன்.

என்ர இங்கிலீஸ் வேலைக்குக் காணும், கழுத்தைப் பற்றிக் கதைக்கக் காணாது, அதால மொழிபெயர்க்க ஆள் கேட்டன். வந்த தம்பி தமிழ்நாட்டுப் பெடியன், நல்ல மரியாதை, "சொல்லுங்க மேடம்" எண்டு தான் கதைச்சது. டொக்டர் எப்பிடியான நோ எண்டு கேட்டார். நான் சொன்னன், காலமை விறைப்பு, வேலையில குனிஞ்சு நிமிந்தா குத்து, பின்னேரமானா தோள்மூட்டு வரை ஒரே உளைவு, "கழுத்தெல்லாம் உளையுது தம்பி" எண்டன். அந்தப் பிள்ளை ஒரு கணம் யோசிச்சுது. "உளைச்சலா மேடம்? மன உளைச்சல் மாதிரியா?" எண்டுது. எனக்கும் அந்த நேரம் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, அங்க குடைச்சல், கடுப்பு எண்டு சொல்லுவினமாம் எண்டு பேந்து தான் தெரிய வந்தது, நானும் "ஓம், உளைச்சல் தான்" எண்டு தலையாட்டினன். ஆட்டேக்க நொந்தது, அதையும் சொல்லேல்லை.

ரிப்போர்ட் 14 பக்கம். அதில எனக்குக் கழுத்தில ‘ஸ்ட்ரெஸ்’ இருக்கெண்டு எழுதியிருந்தது. உளைவு எண்ட சொல்லு எங்கயுமே இல்லை. மற்றபடி கழுத்தை இந்தப் பக்கம் இத்தினை பாகை, அந்தப் பக்கம் இத்தினை பாகை திருப்பினா, நாரிப்பிடிப்பு இல்லை, கைப்பலம் சரி, எம்ஆர்ஐயில இருக்கிற தேய்மானம் வயசால வந்தது, விபத்தால வந்த காயம் ஆறுற காலம் முடிஞ்சுது. தேய்மானம் முந்தியே இருந்ததெண்டா ஏன் முந்தி நோகேல்லை? முந்தின நாள் வரைக்கும் நான் எண்பது கிலோ ஐயாமாரைக் கட்டிலில இருந்து எழுப்பி வீல்செயாரில இருத்தினனான். அதை ஒருதரும் அளக்கேல்லை. இன்னொண்டும் இருந்தது, காருக்குக் குறைஞ்ச சேதம் தான் எண்டு. பம்பரில இருந்த கீறல் என்ர கழுத்துக்குச் சாட்சி சொல்லுது.

இந்த இடத்தில தான் ஒரு பாரலீகலிட்ட, அதாவது லோயர் இல்லாட்டியும் லைசன்ஸ் எடுத்துச் சில வழக்குகள் பாக்கிற ஆளிட்டப் போனன், பிசியோப் பிள்ளை சொல்லித் தான் போனது. இந்த வழக்கு போற இடம் லைசன்ஸ் அப்பீல் ட்ரைபியூனல், 2016இலயிருந்து வாகன விபத்து உதவிக்காசுப் பிரச்சினை எல்லாம் அங்க தான், அங்க பாரலீகலும் உங்களுக்காகக் கதைக்கலாம். மறுத்த நாளிலயிருந்து ரெண்டு வருசத்துக்குள்ள போகவேணும், கடிதம் வந்த உறையைக் கூட எறியாதேங்கோ.

அந்தப் பாரலீகல் பெடிச்சி தான் எனக்கு ஒழுங்கா விளங்கப்படுத்தினது. ஆறாத நோ, அதாவது குரோனிக் பெயின், சின்னக் காயம் இல்லை எண்டு ட்ரைபியூனல் பலதரம் ஏற்றிருக்கு, ஆனா நோகுது எண்டு சொன்னாக் காணாது. அமெரிக்க மெடிக்கல் அசோசியேசனின்ர கைட்டில ஆறு அடையாளம் இருக்காம், அதில குறைஞ்சது மூண்டு இருக்கோ எண்டு கனக்கத் தீர்ப்புகளில பாக்கினமாம். மருந்தை அளவுக்கு மிஞ்சி எடுக்கிறது, டொக்டர்மாரிலயும் வீட்டுக்காரரிலயும் சாஞ்சுகொண்டே இருக்கிறது, அசையாமக் கிடந்து உடம்பு பலவீனமாகிறது, வேலை ஆக்கள் கொண்டாட்டம் எல்லாத்திலயுமிருந்து ஒதுங்கிறது, முந்திச் செய்ததைத் திருப்பிச் செய்யேலாமப் போறது, பயம் மனச்சோர்வு மாதிரி மனசில வாறது. கேட்டுக்கொண்டு இருக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதில நான் எல்லாத்துக்கும் ஃபெயில். நான் மூண்டு மாசத்தில வேலைக்குத் திரும்பினனான், ஆக்களைத் தூக்காத வேலை எண்டாலும் போனனான். சமைச்சனான். மருமகளின்ர சாமத்திய வீட்டுக்குச் சீலை உடுத்திப் போய்ச் சிரிச்சுக்கொண்டு படத்துக்கு நிண்டனான். அண்டைக்கு இரவு ரெண்டு குளிசை போட்டது படத்தில இல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சா அது உங்களுக்கு எதிரா ஒரு ஆதாரம். வீட்டில படுத்துக் கிடந்தா ‘முயற்சி எடுக்கேல்லை’ எண்டுவினம், அதுகும் ஆதாரம்.

கனடா உச்ச நீதிமன்றம் 2003இலேயே நோவா ஸ்கோஷியாத் தொழிலாளர் இழப்பீட்டு வழக்கு ஒண்டில, ஆறாத நோ இருக்கிற ஆக்களை ஒட்டுமொத்தமாத் தள்ளி வைச்ச சட்டத்தைச் செல்லாது எண்டு சொன்னது. அங்க அவைக்கு நாலு கிழமைப் பயிற்சி குடுத்துப்போட்டுக் கதவைச் சாத்திற சட்டம் இருந்ததாம். அதை வாசிக்க ஒரு ஆறுதல். ஆனா உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸில என்ர கோப்பைப் பாக்கிற அஜஸ்டருக்கு ஃபோன் எடுத்துச் சொல்லாது தானே.

பெடிச்சி ஒரு கொப்பி வாங்கித் தந்தா. ஒவ்வொரு நாளும் எழுதவேணும், பத்துக்கு எத்தினை, எவ்வளவு நேரம் நித்திரை, என்ன செய்யேலாமப் போனது. எழுதினன். உடுப்புத் தோய்ச்சது, பாதியில விட்டது. சீப்பால தலை இழுக்கக் கையைத் தூக்கேலாது, மகள் இழுத்துவிட்டவ. தேங்காய் துருவினது, ரெண்டு நாள் உளைவு. ரெண்டு மாசம் எழுதினாப் பிறகு ஒரு விசயம் கவனிச்சன், எனக்கு நோ கூடியிருந்தது. பிசியோப் பிள்ளை சொல்லுவா, "அன்ரி, அதையே பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, கழுத்தை ஆட்டுங்கோ, நடவுங்கோ, கொலர் போடாதேங்கோ, பயப்பிடாதேங்கோ." கொப்பி சொல்லும், பார், இன்னும் வடிவாப் பார், இப்ப எத்தினை? ரெண்டு பேரும் எனக்கு நல்லது தான் நினைக்கினம், ஆனா ரெண்டு பேர் சொல்லுறதையும் ஒரே கழுத்து தான் கேக்கவேணும்.

இதில ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லவேணும். சஸ்காச்சுவானில 1995இல சட்டத்தை மாத்தினவை, நோவுக்கும் வேதனைக்கும் வழக்குப் போட்டுக் காசு எடுக்கிறதை நிப்பாட்டி ஆரில பிழையெண்டாலும் உதவிக்காசு எண்ட முறையைக் கொண்டுவந்தவை. விப்லாஷ் கிளெய்ம் 28 வீதம் குறைஞ்சுதாம், ஆக்கள் கெதியாக் கோப்பை மூடினவையாம். 2000ஆம் ஆண்டு வந்த ரிப்போர்ட். இன்னொண்டு லித்துவேனியாவில, அங்க விப்லாஷ் எண்ட கதையும் கிளெய்மும் பழக்கத்திலேயே இல்லாத காலம், பின்னால இடிபட்ட 202 பேரை ஒண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு கேட்டுப் பாத்தா, இடிபடாத ஆக்களை விட அவைக்குக் கழுத்து நோ அப்பிடியொண்டும் கூட இல்லையாம். இதுகளைத் தான் இன்சூரன்ஸ் பக்கம் தூக்கிப் பிடிக்கும், காசில்லாட்டி நோவும் இல்லை பாருங்கோ எண்டு. நான் கோவத்தோட தான் வாசிக்கத் தொடங்கினனான். பாதியில கொஞ்சம் ஆறி இருந்து யோசிச்சன். கிளெய்ம் குறைஞ்சா நோ குறைஞ்சதெண்டு கருத்தில்லை, கேக்கிற வழியை அடைச்சா கேக்கிற ஆக்களும் குறைவினம் தானே. ஆனா மற்றப் பக்கமும் பொய் இல்லை. உந்தச் சண்டை தான் என்னைக் கூட வருத்தமாக்கினது எண்டு என்ர கொப்பியே சொல்லுது. கடிதம் வந்த நாளெல்லாம் எட்டு, ஒன்பது. கடிதம் வராத கிழமை ஐஞ்சு, ஆறு. அப்ப அதைக் குறைக்கிற வழி என்னைச் சண்டைக்கு இழுக்காம 1,300 டொலரைத் தாறது இல்லையோ?

ஒருநாள் பெடிச்சி என்ர கோப்பைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு அந்த ‘ஸ்ட்ரெஸ்’ எண்ட சொல்லில நிண்டா. "அன்ரி, நீங்கள் இப்பவும் மக்கோவன் ஃபிஞ்சால தான் வேலைக்குப் போறனீங்களோ?"

இல்லை.

"அப்ப?"

பிரிம்லியால சுத்திப் போறன். எவ்வளவு காலமா? அண்டையிலயிருந்து. ஏன் எண்டு கேட்டா. ட்ரபிக் குறைவு எண்டன். அவ ஒண்டும் கதைக்காமப் பாத்துக்கொண்டு இருந்தா. அப்ப தான் எனக்கே விளங்கினது, பிரிம்லியில ட்ரபிக் ஒண்டும் குறைவில்லை. சிவப்பு லைட்டில நிக்கேக்கெல்லாம் நான் முன்னுக்குப் பாக்கிறதில்லை, பின்கண்ணாடியைத் தான் பாக்கிறன், தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி இருக்கும், பின்னால வாற கார் நிண்டாப் பிறகு தான் மூச்சு விடுறன். பச்சை விழுந்தது தெரியாமப் பின்னால ஹோர்ன் அடிப்பாங்கள். எட்டு மாசமா இது நடக்குது, நான் ஒருதருக்கும் சொல்லேல்லை, எனக்கே சொல்லேல்லை. அந்தத் தம்பியின்ர மொழிபெயர்ப்பு பிழையா இருந்தும் சரியா இருந்திருக்கு.

சைக்கோலஜிஸ்டிட்ட அனுப்பச் சொல்லி இன்னொரு ஓசிஎஃப்-18. மனசுக் காயம் ‘மிக்’ பெட்டிக்குள்ள அடங்காது. இதுக்கு இன்சூரர் 10 வேலை நாளுக்குள்ள மருத்துவக் காரணத்தோட பதில் சொல்லவேணும், சொல்லாட்டி அந்தப் பிளானுக்கு ‘இது சின்னக் காயம்’ எண்டு சொல்லுற உரிமை போயிடும், பதில் வாறவரைக்கும் செய்ததுக்குக் காசும் கட்டவேணும். அவையின்ர பதில் 14ஆம் வேலை நாள் தான் வந்தது. பெடிச்சி கலண்டரில விரல் வைச்சு மூண்டு தரம் எண்ணினா, லோங் வீக்கென்ட் திங்களைக் கழிச்சும் எண்ணினா, பிறகு தான் சிரிச்சா. ஒரு வருசமா நோவைச் சொல்லி நம்ப வைக்கேலாத இடத்தில, ஆரோ ஒராள் நாலு நாள் பிந்தினது வேலை செய்தது.

ட்ரைபியூனலில முதல்ல கேஸ் கொன்ஃபரன்ஸ் எண்டு ஃபோனில வைப்பினம். அதிலேயே பேசி முடிஞ்சுது. தொகையைச் சொல்லமாட்டன், கையெழுத்து வைச்சிருக்கு. முழுசா முடிக்கிறதெண்டால் விபத்து நடந்து ஒரு வருசம் ஆகவேணும், கையெழுத்து வைச்சாப் பிறகும் ரெண்டு வேலை நாளுக்குள்ள மனம் மாறலாம். நான் மாறேல்லை, களைச்சுப்போனன். இடிச்ச பெடியனில வழக்குப் போடுறதைப் பற்றியும் கேட்டனான். நோவுக்கெண்டு கோர்ட் தாற காசில முதல்ல ஒரு தொகையைக் கழிச்சுப்போடுவினம், பெரிய தொகையெண்டால் மட்டும் கழிக்கமாட்டினம், 2025இல அது 46,000 டொலருக்கு மேல. அதோட காயம் நிரந்தரம், பாரதூரம் எண்டும் காட்டவேணும். வேலைக்குப் போற எனக்கு அது சரிவராது எண்டா பெடிச்சி. விட்டிட்டன். அந்தப் பெடியன் ஓடி வந்த முகமும் ஒரு காரணம்.

ஊர்க்கதை வேற. கோயிலில ஒராள் "என்னப்பா, அக்சிடன்ட் காசு வந்திட்டுதாம், மார்க்கம் சிற்றியில வீடு பாக்கிறியளாம்" எண்டா. எனக்கு வந்தது வீட்டுக் குளியலறைக் கதவு மாத்தவும் காணாது. கள்ளக் கிளெய்ம் போட்ட ஆக்கள் இல்லையெண்டு நான் சொல்லேல்லை, எல்லாச் சனத்திலயும் இருக்கினம், அதுகளால தான் உண்மையா நோகிற ஆக்களையும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பாக்கினம், வெள்ளைக்காரனும் பாக்கிறான், எங்கட ஆக்கள் அதைவிடக் கூடப் பாக்கினம்.

கழுத்து இப்பவும் நோகும். நாளுக்கு நாள் வித்தியாசம். பனி கொட்டுற காலமெண்டால் கூட. கொப்பி எழுதுறதை விட்டிட்டன், நடக்கிறன், பிசியோ சொல்லித்தந்த ரெண்டு மூண்டு பயிற்சியைத் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள்ள குசினியில நிண்டே செய்யிறன். மக்கோவன் ஃபிஞ்சால இப்ப போறன், எல்லா நாளும் இல்லை.

நேற்று அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு டொக்டரிட்டப் போனனான், அவவுக்குத் தனியக் கார் ஓடேலாது. போற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனன், அக்கா, எங்க நோகுது, எப்ப நோகுது, எதைச் செய்யேலாது, இரவில எத்தினை தரம் எழும்புறனீங்கள், நாரி கை தலை எல்லாம் ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ, பிரஷருக்குப் போனாலும் கழுத்தைச் சொல்லுங்கோ, டொக்டர் டைப் பண்ணுறதைப் பாருங்கோ. "ஓமோம், எனக்கென்ன விசரே, சொல்லுவன் தானே" எண்டா. உள்ள போய் இருந்தம். ஒரு கையால பிடரியைப் பிடிச்சுக்கொண்டு தான் இருக்கிறா, முகம் சுருங்கிக் கிடக்கு. டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், வேற டொக்டர், இவரும் எங்கட ஆள் தான், "வாங்கோ, எப்பிடி இருக்கிறியள்?" எண்டார். அக்கா கையைப் பிடரியில இருந்து எடுத்திட்டு, முகத்தைச் சரிப்பண்ணி, சிரிச்சுக்கொண்டு வாயைத் திறந்தா.

நான் கதிரைக்குக் கீழால அவவின்ர காலை நல்லா ஒரு மிதி மிதிச்சன்.